மூலக்கூறு நுண்ணுயிரியலுக்கு ஒரு விரிவுரையாளர்: நால்வரில் யாரை எடுப்பது?

இடம் ஒன்று, கடைசிப் பட்டியலில் பெயர் நான்கு. முதலாமவர் பெரிய ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடிக்கப்போகிறவர்; கையில் பளிச்சென்று இரண்டு கட்டுரைகள். இரண்டாமவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறவர். சொந்தக் குழு, சொந்த ஆய்வு நிதி. மூன்றாமவர் ஆய்வகத்தில் திரவம் அளக்கும் பிப்பெட்டைத் தொட்டே பல வருடம் ஆயிற்று. பாக்டீரியாக்களின் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுதியை, கணினியில் அலசுகிறவர். நான்காமவர் மருத்துவமனை ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசி நிறுவனத்திலிருந்தோ வருகிறார். தேர்வுக் குழுவில் ஆளுக்கொரு கட்சி. துறைத் தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆளைப் பற்றிச் சொன்னீர்கள், அவர் எந்த உயிரியோடு வருகிறார் என்று சொல்லவில்லையே? வரலாற்றுத் துறைக்கு ஒருவரை எடுத்தால் அவர் வருவார், அவருடைய புத்தகங்கள் வரும். நம் துறையில் ஆளோடு சேர்த்து ஒரு கிருமியையும் வேலைக்கு எடுக்கிறோம். அது எவ்வளவு வேகமாக வளரும், எந்த அறையில் வளர்க்கலாம், மாணவர் கையில் கொடுக்கலாமா என்பதெல்லாம் நியமன உத்தரவில் ஒரு வரி இல்லாமலேயே உள்ளே வந்துவிடும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருடங்களுக்கு முன் நான் இருந்த தேர்வுக் குழு, காசநோய்க் கிருமியில் கைதேர்ந்த ஒருவரை ஒரே மனதாக எடுத்தது. நேர்காணலில் பிரமாதப்படுத்தினார். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் கட்டடத்தில் அந்தக் கிருமிக்குத் தேவையான மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் இல்லை, கட்டும் யோசனைகூட இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. பாவம், நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸை வைத்து மூன்று வருடம் சமாளித்தார். நான்காம் வருடம் கிளம்பிவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்கவேண்டியதை நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

## முதலில் அளவுகோல்கள்

விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்த ஆளுக்கு ஏற்றபடி அளவுகோல் வளைந்துகொடுக்கும்.

நடத்தவேண்டிய பாடம். மூலக்கூறு நுண்ணுயிரியல் என்ற ஒரே பெயருக்குள் நிறைய அடைத்து வைத்திருக்கிறோம். பாக்டீரிய மரபியல், மரபணு ஒழுங்குமுறை, ஃபேஜ்கள் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்), மறுசேர்க்கை டிஎன்ஏ நுட்பம், நோய்க்கிருமிக்கும் உடலுக்கும் இடையிலான இழுபறி, மருந்து எதிர்ப்பு, மெட்டாஜீனோமிக்ஸ் (ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் எல்லாவற்றின் டிஎன்ஏவையும் மொத்தமாகப் படிப்பது). எல்லாவற்றையும் ஒருவரே நடத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்த பருவத்தின் கால அட்டவணையை மேசைமேல் விரித்து, பெயர் எழுதாமல் வெறுமையாக நிற்கும் கட்டங்களைப் பாருங்கள். உங்கள் தேவை அங்கே இருக்கிறது.

உயிரியும் அறையும். பாதுகாப்பு நிலைகள் நான்கு. மாணவர்கள் கையாளும் குடல் பாக்டீரியா ஈ.கோலையின் கே-12 வகைகள் முதல் நிலை. சால்மொனெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை இரண்டாம் நிலை. காசநோய்க் கிருமியை வளர்க்க மூன்றாம் நிலை வேண்டும்: உள்ளழுத்தம் குறைவாக வைத்த அறை, வெளியேறும் காற்றுக்கு ஹெப்பா வடிகட்டி, தனிப் பயிற்சி, தனிப் பராமரிப்பு. நான்காம் நிலை பற்றிப் பெரும்பாலான துறைகள் கவலைப்படத் தேவையே இல்லை.

இதோடு வளர்ச்சி வேகத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நல்ல வளர்ப்பு ஊடகத்தில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். முன்னதை இன்று மாலை ஊடகத் தட்டில் பரப்பினால் நாளைக் காலை காலனி தெரியும். பின்னதற்கு மூன்று வாரமாவது ஆகும். முதல் வருட இறுதியில் "என்ன, ஒரு கட்டுரையும் வரவில்லையே?" என்று கேட்கப்போகும் நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. தேர்வுக் குழுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

முதல் இரண்டு வருடச் செலவு. பணம் மட்டும் செலவில்லை. இடம், மின்சாரம், −80 டிகிரி ஃப்ரீசரில் ஒரு தட்டு, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வாரத்துக்கு இரண்டு முறை, ஊடகம் தயாரிக்க ஒரு கை. இவையும் செலவுதான்.

தங்குவாரா. இரண்டு வருடத்தில் போய்விட்டால் மேலே சொன்ன செலவு அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

துறையில் யாரோடு பேசுவார். அவர் வேலையைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது பக்கத்து அறையில் இருக்கவேண்டும்.

எது அளவுகோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வெளியான இதழின் பெயர். நியமனத்திலும் பதவி உயர்விலும் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற எண்) ஆளுக்கு மதிப்பெண்ணாகப் போடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் எழுதிய அறிக்கையில் எத்தனையோ நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்திட்ட இடங்களிலும் நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் முதல் பேச்சு "எதில் போட்டிருக்கிறார்?" என்பதாகத்தான் இருக்கிறது. கட்டுரையைத் திறந்து இரண்டாம் படத்தைப் பாருங்கள். கட்டுப்பாட்டுச் சோதனைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

## போஸ்ட்டாக் முடித்து வருபவர்

புது நுட்பம் அத்தனையும் கைப்பழக்கத்தில் இருக்கும். கிரிஸ்பர் என்ற மரபணுக் கருவி கொண்டு மரபணுவை அடக்குவது, ஆயிரக்கணக்கான மியூட்டன்ட்களை (மரபணு மாறிய வகைகளை) ஒரே குடுவையில் வளர்த்து டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்ப்பது எல்லாம் இவருக்கு அன்றாட வேலை. சம்பளக் கட்டில் கீழ்ப்படி. சொந்தக் கொடி நாட்டும் வேகம் இருக்கும். மாணவர்களுக்கும் இவருக்கும் வயது வித்தியாசம் குறைவு என்பதால் முனைவர் பட்டத்துக்குச் சேர ஆள் வருவார்கள்.

மறைந்திருக்கும் செலவு, அந்தக் கட்டுரைகளில் எவ்வளவு இவருடையது என்பதில் ஆரம்பிக்கிறது. பெரிய ஆய்வகத்தின் மேலாளர், கருவிக் கூடம், பதினைந்து பேர் கொண்ட வாராந்திரக் கூட்டம் இவை இல்லாமல் இவரால் ஓடமுடியுமா? இரண்டாவது, பொருள். கட்டுரை எழுதிய ஸ்ட்ரெயின்களும் (பாக்டீரிய வகைகள்) பிளாஸ்மிட்களும் (பாக்டீரியாவுக்குள் மரபணுவை ஏற்றிச் செல்லும் டிஎன்ஏ வளையங்கள்) பழைய தலைவரின் ஆய்வகத்துக்குச் சொந்தம். அவற்றை எடுத்துவரப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களின் சட்டப் பிரிவுகளும் கையெழுத்திட மாதங்கள் ஓடும். வெளியான பிளாஸ்மிட்கள் ஆட்ஜீன் போன்ற பொது வைப்பகத்தில் கிடைக்கலாம், வெளியாகாதவை கிடைக்காது. அதைவிடச் சிக்கலானது, பழைய தலைவர் அதே கேள்வியை இன்னும் துரத்திக்கொண்டிருந்தால், இவர் வந்த அன்றே தன் குருவோடு போட்டிக்கு இறங்குகிறார். தோற்பது யார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அதனால் இவரிடம் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்பேன்: எந்தக் கேள்வியை எடுத்துப்போகலாம் என்று உங்கள் தலைவரோடு பேசிவிட்டீர்களா? பேசிவிட்டவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பேசாதவர் "அதெல்லாம் பிரச்சினை இருக்காது" என்பார்.

பாடம் நடத்திய அனுபவம் குறைவு என்பதும் உண்மை. முதல் வருடம் முழுப் பாடச் சுமையைத் தலையில் கட்டினால் ஆய்வும் போகும், பாடமும் போகும். பாதிச் சுமை கொடுக்க முடியாத துறை இவரை எடுக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

எப்போது எடுக்கலாம்: பொதுக் கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன, பிராக்டிகல் வகுப்பைத் தாங்க வேறொருவர் இருக்கிறார், பத்து வருடக் கணக்கில் துறையை வளர்க்க நினைக்கிறீர்கள் என்றால் இவர்தான்.

## ஏற்கனவே குழுவோடு இருக்கும் அனுபவசாலி

வந்த வாரமே வகுப்பில் நிறுத்தலாம். தேர்வுத்தாள் தயாரிப்பதிலிருந்து, மாணவர் அழுதுகொண்டு வந்தால் என்ன சொல்வது என்பதுவரை பழகியவர். ஆய்வு நிதி கையோடு வந்தால் தொடக்கச் செலவும் குறையும். நிர்வாகம் இவரைப் பார்த்ததும் மலர்ந்துவிடும்.

நிதி கையோடு வருமா என்பது கேள்வி. சில நிதி ஆளோடு போகும், சில நிறுவனத்தோடு நின்றுவிடும். வாங்கிய கருவி பழைய இடத்தின் சொத்து. நிதி கொடுத்தவரின் கடிதத்தைப் பார்க்காமல் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஃப்ரீசர். பத்து வருட வேலை என்பது ஆயிரக்கணக்கான கிளிசரால் குப்பிகள். உலர்பனியில் வைத்து அனுப்பவேண்டும். எல்லை தாண்டினால் அனுமதி, மரபணு மாற்றிய உயிரி என்றால் தனி அனுமதி. காட்டிலிருந்தோ கடலிலிருந்தோ பிரித்த உயிரி என்றால், 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைப்படி மூல நாட்டின் ஒப்புதல் உண்டா என்றும் பார்க்கவேண்டியிருக்கும். இப்படி வந்த பெட்டிகளை ஒருமுறை நான் திறந்து பார்த்தேன். மூடியில் பால்பாயின்ட் பேனாவில் "மியூ 3 புதுசு" என்று எழுதியிருந்தது. எழுதிய மாணவி பட்டம் வாங்கிப் போய் ஆறு வருடம். அது எந்த மியூட்டன்ட் என்று கண்டுபிடிக்க மறுபடி பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை), மறுபடி வரிசைப்படுத்தல்.

பழைய இடத்தில் பாதியில் நிற்கும் ஆராய்ச்சி மாணவர்கள் யார் பொறுப்பு, கூட வரும் துணைக்கு வேலை கிடைக்குமா, பிள்ளைகளின் பள்ளி என்ன ஆகும் என்பதெல்லாம் முடிவாகும்வரை இவர் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் பழைய பல்கலைக்கழகம் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து இவரை நிறுத்திக்கொள்வதும் நடக்கும். அப்போது உங்கள் நேர்காணல், அவருடைய பதவி உயர்வுக்குப் பிடித்த பேரமாக முடிந்துபோகும்.

எப்போது எடுக்கலாம்: மூத்தவர் ஒருவர் ஓய்வுபெற்றுத் துறையே ஆடிப்போயிருக்கிறது, பட்டப்படிப்பைப் பொறுப்பேற்று நடத்த உடனே ஒருவர் வேண்டும் என்றால்.

## ஜீனோமைக் கணினியில் படிப்பவர்

"இவருக்கு லேப் வேண்டாம், ஒரு மேசையும் கணினியும் போதும்" என்று நிர்வாகம் குதூகலிக்கும். நம்பாதீர்கள். சேமிப்பகம், கணிப்பு நேரம், வரிசைப்படுத்தும் கட்டணம் எல்லாம் மாதாமாதம் வரும் செலவுகள். கருவி வாங்குவதுபோல ஒரே தடவையில் தீராது.

ஆனால் துறைக்கு இவர் தேவையில்லை என்று நினைப்பதும் பழைய காலத்து நினைப்பு. 1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சேயின் 18 லட்சம் சொச்ச எழுத்துகளை முழுதாகப் படித்தது ஒரு பெரிய குழுவின் சாதனை. தனித்து வாழும் ஓர் உயிரியின் ஜீனோம் முழுமையாக வெளிவந்தது அதுவே முதல்முறை. இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவியில் ஒரு மாணவர் அந்த அளவு ஜீனோமை ஓரிரு நாளில் வரிசைப்படுத்திவிடுகிறார். படித்ததற்கு அர்த்தம் சொல்லத்தான் ஆளில்லை. எத்தனையோ துறைகளில் தரவு, ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அதுவே இவருக்கு ஆபத்தும்கூட. வந்த ஒரே மாதத்தில் துறையில் உள்ள எல்லோரும் "இதைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்களேன்" என்று வரிசையில் நிற்பார்கள். சொந்த ஆய்வு செத்து, சேவை மையமாகிவிடுவார். கட்டுரையில் ஒன்பதாவது பெயராக இருந்து பதவி உயர்வு கிடைக்காது. இரண்டு வருடத்தில், பல மடங்கு சம்பளம் தரும் நிறுவனத்துக்குப் போய்விடுவார். போனால் குறை சொல்லவும் முடியாது.

மாணவர்கள் பக்கம் ஒரு ஓட்டை விழும்: தட்டு, சுடர், ஜெல் இவற்றோடு நடக்கும் பிராக்டிகல் யார் தலையில்? இவரைப் புதுக் கணினிப் பிராக்டிகல் ஒன்றை உருவாக்கச் சொல்லலாம், நன்றாகவே செய்வார். பழையதை ஓட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

எப்போது எடுக்கலாம்: கைவேலை ஆய்வகங்கள் துறையில் ஏற்கனவே இரண்டு மூன்று இருந்து, எல்லோருக்கும் தரவு குவிந்திருந்தால். கைவேலை செய்யும் ஒரே ஆளின் இடத்தை நிரப்ப இவரை எடுப்பது மட்டும் வேண்டாம்.

## மருத்துவமனை, தொழிற்சாலைப் பக்கமிருந்து வருபவர்

குறைத்து மதிப்பிடப்படுகிறவர் இவர்தான். காரணம் எளிது: கட்டுரைப் பட்டியல் குட்டை. நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்த கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று நாள்தோறும் பதில் சொன்னவருக்கு, மருந்து எதிர்ப்புப் பாடம் எடுக்கக் குறிப்பேடு வேண்டாம். தரக் கட்டுப்பாடு, ஆவணம் எழுதும் ஒழுங்கு, மாசு எங்கிருந்து வந்தது என்று துப்பறியும் பொறுமை இவை பல்கலைக்கழக ஆய்வகங்களில் அபூர்வம். மாணவர்களில் பெரும்பாலோர் போகப்போவது ஆராய்ச்சிக்கு இல்லை, இவர் வந்த இடத்துக்குத்தான். அந்த உண்மையைத் தேர்வுக் குழுக்கள் வசதியாக மறந்துவிடும்.

மறைசெலவு: முன்பிருந்த நிறுவனத்தின் ரகசியக் காப்பு ஒப்பந்தம். தெரிந்ததைப் பாதிதான் பேச முடியும், அதே துறையில் சில காலம் ஆய்வு செய்யத் தடையும் இருக்கலாம். சம்பளம் இறங்கும், "பரவாயில்லை" என்று நேர்காணலில் சொல்வார், ஆறாம் மாதம் உறைக்கும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதிப் பழக்கமிருக்காது. முதல் இரண்டு நிராகரிப்பைத் தாங்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

எப்போது எடுக்கலாம்: பிராக்டிகலும் மாணவர் வேலைவாய்ப்பும் துறையின் முதல் கவலை என்றால்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | போஸ்ட்டாக் | அனுபவசாலி | கணினி வழியாளர் | தொழில்துறையாளர் |
|---|---|---|---|---|
| முதல் வருடப் பாடம் | பாதிச் சுமைதான் | முழுச் சுமை | கணினிப் பாடம் மட்டும் | பிராக்டிகல் உடனே |
| தொடக்கச் செலவு | அதிகம் | பேரத்தைப் பொறுத்து | குறைவாகத் தெரியும், தொடர்ந்து வரும் | நடுத்தரம் |
| முதல் ஆய்வு முடிவு | 2, 3 வருடம் | ஃப்ரீசர் வந்து சேர்வதைப் பொறுத்து | மாதங்களில் | தாமதமாகும் |
| கிளம்பும் ஆபத்து | நடுத்தரம் | சேருமுன்பே அதிகம் | அதிகம் | சம்பளம் உறுத்தும்வரை குறைவு |
| பெரிய கண்ணி | பழைய தலைவரோடு போட்டி | நிதி கூட வராமல் போவது | சேவை மையம் ஆவது | ரகசிய ஒப்பந்தம் |

ஐந்தாவது வழியும் உண்டு: நிரந்தரமாக யாரையும் எடுக்காமல் ஒரு வருடத்துக்கு ஒப்பந்த ஆசிரியர். மூத்தவர் விடுப்பில் போயிருக்கிறார், திரும்பி வருவார் என்றால் சரி. மற்றபடி இது முடிவைத் தள்ளிப்போடுவது மட்டுமே. ஒவ்வொரு வருடமும் புதியவருக்கு ஆட்டோகிளேவ் எங்கே இருக்கிறது என்று காட்டுவதிலேயே முதல் மாதம் போய்விடும்.

என் சாய்வைக் கேட்டால்: பிராக்டிகல் தாங்க ஆளில்லாத சிறு துறைக்கு நான்காமவர். ஆள்பலம் உள்ள துறைக்கு முதலாமவர், அவருடைய உயிரிக்கு உங்களிடம் அறை இருந்தால் மட்டும்.

## நேர்காணல் நாளில்

எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண். சலிப்பாக இருக்கும். ஆனால் போகிற போக்கில் பேசும் நேர்காணலைவிட, இப்படிக் கட்டமைத்ததும் வேலையின் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்வதும் பிந்தைய செயல்பாட்டை நன்றாகக் கணிக்கின்றன என்பது 1998-இல் ஷ்மிட்டும் ஹன்டரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. பெயரை மறைத்து விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம், ஆய்வக மேலாளர் பதவிக்கான ஒரே விண்ணப்பத்தை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் பெயருக்குத் திறமை மதிப்பும் கூடுதல், சம்பளமும் கூடுதல். மதிப்பிட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இருந்தார்கள். நம் துறைக்கு இது புதிதல்ல. லாம்டா ஃபேஜைக் கண்டுபிடித்த எஸ்தர் லெடர்பெர்க், கணவரோடு சேர்ந்து நகல்தட்டு முறையை (ஒரு தட்டின் காலனிகளை அப்படியே வேறு தட்டுகளில் பதித்தெடுப்பது) 1952-இல் கொண்டுவந்தவர். கணவருக்கு 1958-இல் நோபல் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் இவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவிகூடக் கிடைக்கவில்லை.

மாதிரி வகுப்புக்கு நான் பயன்படுத்துவது ஒரு புகைப்படம். ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டு, நடுவில் கொழுத்த காலனிகள் சில, ஒவ்வொன்றையும் சுற்றிக் குண்டூசித் தலையளவில் குட்டிக் காலனிகள். "இரண்டாம் வருட மாணவர் இதைக் காட்டி, எல்லாமே டிரான்ஸ்ஃபார்ம் ஆகிவிட்டது, பிளாஸ்மிட் உள்ளே போய்விட்டது என்று சந்தோஷமாக வருகிறார். அவரிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் சரியாகவே சொல்வார்கள்: பெரிய காலனி வெளியிடும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி சுற்றிலும் உள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிட்டது, பிளாஸ்மிட் இல்லாதவை அந்த நிழலில் முளைத்திருக்கின்றன. ஒருவர் உடனே "எளிதில் சிதையாத கார்பெனிசிலின் போடச் சொல்லுங்கள், தட்டை அவ்வளவு நேரம் வைக்காதீர்கள்" என்று முடித்துவிட்டார். சரியான பதில்தான். இன்னொருவர் மார்க்கர் பேனாவை எங்கள் பக்கம் நீட்டி, "நீங்கள் எந்தக் காலனியைக் குச்சியால் தொடுவீர்கள்? ஏன்?" என்று கேட்டார். குழுவில் இருந்த நிர்வாக அதிகாரி, உயிரியலே படிக்காதவர், எழுந்துபோய்ப் பலகையில் ஒரு வட்டம் போட்டார். மதிப்பெண் தாளில் அன்று எங்களுக்குள் தகராறே வரவில்லை.

தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு வேலை பாக்கி. இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு மறுப்புக் கடிதத்தை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். தேர்வானவர் கையெழுத்துப் போடும்வரை இவரிடம் உண்மையைச் சொல்லிக் காத்திருக்கக் கேளுங்கள். அப்புறம் பேசி ஒப்புக்கொண்டதையெல்லாம் எழுத்தில் போடுங்கள்: எத்தனை மீட்டர் மேடை, எந்த நிலைப் பாதுகாப்பு அறை எந்த மாதத்திலிருந்து, முதல் வருடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பாடம், −80 ஃப்ரீசரில் எத்தனாவது தட்டு. அந்தத் தட்டில் இப்போது யாருடைய பெட்டிகள் இருக்கின்றன என்று கதவைத் திறந்து பார்த்து, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.